மட்டக்களப்பு வெக்கைக்கும் மாரிக்கும் எந்தக் கூரைச் சாளரம்?

காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடம் கிடைப்பது கஷ்டம். நடு அறையில் பகலிலும் லைற் எரியும். குசினிப் புகை போக வழியில்லாமல் ஹோலுக்குள் வரும். இரவு பத்து மணியாகியும் சீற் கூரையின் வெக்கை அடங்காது. இந்த மாதிரி வீட்டுக்கு மிச்சமிருப்பது மேல்பக்கம் மட்டும்தான். அங்கே காற்றுப் போகும் சாளரம் ஒன்று வைக்கலாமா, வைத்தால் எந்த வகை, மாரியில் ஒழுகாதா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வீடு கட்டுபவர்களுக்கும், இருக்கிற கூரையைத் திருத்துபவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் முக்கால்வாசி குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. அவர்களுக்கு வெயிலை வீட்டுக்குள் எடுக்க வேண்டும். நமக்கு வெயில் வேண்டாம், வெக்கை வெளியே போனால் போதும். அதோடு கார்த்திகை, மார்கழியில் வாடையோடு சேர்ந்து அடிக்கிற மழையையும் தாங்க வேண்டும். ஆகவே என் கட்சி இதுதான்: கண்ணாடி சின்னதாக இருக்கட்டும், காற்றுப் போகும் வாய் பெரிதாக இருக்கட்டும், அசையும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

முதலில் ஊதுபத்தி வைத்துப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செலவில்லாத ஒரு பரீட்சை. இரவு எட்டு மணிபோல, வீட்டுக்குள் வெளியைவிடப் புழுக்கம் கூடியிருக்கும் நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அறை நடுவில் ஊதுபத்தியொன்றைக் கொளுத்துங்கள். வாசல், ஜன்னல் திறந்திருக்கட்டும். புகை நேரே மேலே ஏறி, முகட்டுக்குக் கீழே பரவி, போக இடமில்லாமல் தொங்கிக்கொண்டு நின்றால் உங்கள் வீட்டுக்குக் கூரைச் சாளரம் வேலை செய்யும். புகை சரிந்து எதிர்ப்பக்க ஜன்னலை நோக்கி ஓடினால் குறுக்குக் காற்று நன்றாகவே இருக்கிறது. அந்தப் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சூடான காற்று பாரம் குறைந்தது, மேலே ஏறும். மேலே வாய் இருந்தால் வெளியேறும். ஆனால் வெளியேறிய அளவுக்குக் கீழே இருந்து புதுக்காற்று வர வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் பூட்டிவிட்டுக் கூரையை மட்டும் திறந்து வைத்தால் எதுவும் நடக்காது. கீழே காற்று உள்ளே வரும் வழி, மேலே வெளியேறும் வாய்க்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். இரவில் ஜன்னல் திறக்கப் பயமென்றால், கம்பியும் வலையும் போட்ட துவாரமொன்றைச் சுவரின் அடியில் விடலாம்.

கணக்குப் பார்த்தால், உள்ளுக்கும் வெளிக்கும் 5 பாகை வித்தியாசம், கீழ்வழிக்கும் மேல்வாய்க்கும் இடையில் 10 அடி உயரம், இரண்டும் 2 சதுர அடி என்று வைத்தால், 12க்கு 10 அடி அறையின் காற்று மணிக்கு எட்டு ஒன்பது தடவை மாறும். நுளம்பு வலை அடித்தால் இது பாதியாகக் குறையலாம். அதனால்தான் வாயைப் பெரிதாக விடச் சொல்கிறேன். வலையைத் தவிர்க்கவும் முடியாது, நம் ஊர் நுளம்பு அப்படி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சீலிங் இல்லாத சீற் கூரையின் அடிப்பக்கம் கொதித்து, அந்தச் சூடு தலையில் நேரே இறங்கும். அதைக் கூரைச் சாளரம் தீர்க்காது. அதற்குச் சீலிங்கோ வெப்பத்தடுப்புத் தாளோ வேண்டும். சாளரம் தேங்கி நிற்கும் காற்றைத்தான் எடுத்துவிடும்.

சூரியன் எந்தப் பக்கம்?

மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட 7.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னும், செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில், அதாவது கச்சான் காற்று அடித்துக் கொளுத்துகிற மே முதல் ஆகஸ்ட் வரை, சூரியன் நமக்கு வடக்குப் பக்கம். ‘வடக்குப் பார்த்த கூரைச் சாளரத்தில் வெயில் விழாது’ என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்தால், வருடத்தில் மிக மோசமான வெயிலுக்கு நேரே கண்ணாடியைப் பிடித்த மாதிரி ஆகும்.

தெற்குச் சரிவு கொஞ்சம் நல்லது. கொஞ்சம்தான். ஜூனில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து 16 பாகையளவே வடக்கே சாய்கிறது. சரிவு குறைந்த சீற் கூரையில் எந்தப் பக்கம் வைத்தாலும் நண்பகல் வெயில் விழத்தான் செய்யும். தெளிந்த நாளில் உச்சி வெயில் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1000 வாற்று. சாதாரண வெள்ளைக் கண்ணாடி அதில் 800 வாற்றை உள்ளே விட்டுவிடும். உச்சி நேரத்தில் அறைக்குள் ஓர் அயர்ன் பொக்ஸைப் போட்டு வைத்திருப்பது போலத்தான். மேற்குச் சரிவை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். வீடு ஏற்கெனவே சூடேறியிருக்கும் பின்னேரத்தில் வெயிலையும் அதுதான் வாங்கும்.

மழைக்கு வேறு கணக்கு. நவம்பர் முதல் ஜனவரி வரை தூவானம் வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். காற்றுப் போகும் வாய் அந்தப் பக்கம் பார்த்தால் என்ன கண்ணாடி போட்டும் பயனில்லை. ஆக, சாளரம் தெற்குச் சரிவில், வாய் தெற்கையோ தென்மேற்கையோ பார்த்திருப்பது நம் கரைக்குப் பொருந்தும். வீட்டின் முகடு வடக்குத் தெற்காக ஓடினால் தெற்குச் சரிவே இருக்காது. அப்போது கிழக்குச் சரிவில் வைத்து, வாயை மட்டும் வடகிழக்கிலிருந்து விலக்கித் தெற்குப் பக்கமாகத் திருப்புங்கள்.

வகைகள்

நான் முதலில் சொல்வது நிலையான பெட்டி. கூரையில் துளை விட்டு, சுற்றிவர ஓர் அடி உயரத்துக்குச் சட்டம் எழுப்பி, மேலே கண்ணாடியோ, பொலிகாபனேற் என்ற ஒளிபுகும் பிளாஸ்ரிக் தகடோ மூடியாகப் போட்டு, பக்கங்களில் சாய்ந்த தகடுகளை அடுக்கிக் காற்றுப் போக விடுவது. திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம், மோட்டரும் இல்லை. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ அலுமினிய ஜன்னல் செய்யும் எந்தப் பட்டறையிலும் செய்விக்கலாம். மூடி சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காற்று வாய் 6 அங்குல உயரமென்றால் மூடியும் 6 அங்குலமாவது நீள வேண்டும், அப்போதுதான் சரிந்து வரும் மழை வாய்க்குள் போகாது. பக்கத் தகடுகள் வெளிப்பக்கம் கீழ்நோக்கி 45 பாகை சாய்ந்திருக்கட்டும். வடக்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் தகடு வைக்காமல் முழுதாக அடைத்துவிடுங்கள். வலை உள்பக்கம் வரட்டும், துருப்பிடிக்காத எஃகு வலையாக இருக்கட்டும். பிளாஸ்ரிக் வலையை அணில் ஒரு வாரத்தில் கடித்துவிடும், அப்புறம் மரநாய் சீலிங்குக்குள் குடிவரும். இந்த வகையின் குறை, கடும் புயலில் உள்ளுக்குத் தூவானம் கொஞ்சம் வரலாம் என்பது. அதற்கு வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது முகடு உயர்த்துவது. கூரையின் ஒரு சரிவை மற்றதைவிட ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தி, இடைப்பட்ட நிமிர்ந்த சுவரில் ஜன்னல் வைப்பது. புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி நிமிர்ந்து நிற்பதால் உச்சி வெயில் அதில் பட்டும் படாமலும் போகும். மேலே இரண்டு அடி தாவாரம் விட்டால் மழையும் வராது. ஒழுகுகிற பயமும் மிகக் குறைவு, ஏனென்றால் இது கூரையில் போட்ட ஓட்டை இல்லை, சுவரில் வைத்த ஜன்னல்தானே. காற்று வாயைத் தெற்குப் பார்த்து வையுங்கள். இருக்கிற வீட்டில் செய்யப் போனால் கைமரம், சுவர் என்று பாதிக் கூரையைப் பிரிக்க வேண்டி வரும். கூரையின் உருவம் மாறுவதால் உள்ளூராட்சி சபையின் தொழில்நுட்ப அலுவலரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்விளிம்பில் பிணைச்சல் வைத்துக் கீழ்ப்பக்கம் திறக்கும் சாளரம்தான் கடைகளில் படத்தோடு காட்டும் சாமான். நீளக் கம்பியால் சுழற்றித் திறக்கலாம். பூட்டினால் இறுக்கமாக நிற்கும், பார்க்கவும் அழகு. ஆனால் 12 அடி உயரத்தில் இருக்கும் சாளரத்தைத் தினமும் யார் திறந்து மூடுவது? முதல் மாதம் திறப்பார்கள், பிறகு மழைக்குப் பயந்து பூட்டியே விடுவார்கள். பூட்டிய கூரைச் சாளரம் வெயிலை உள்ளே விட்டு வெக்கையை வெளியே விடாத ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கிறார், மழை வந்தால் உடனே மூடுவார் என்றால் வாங்கலாம்.

நடுவில் அச்சு வைத்துச் சுழலும் வகை, கைக்கு எட்டும் மேல்மாடி அறைகளுக்கானது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உள்ளே நின்றே துடைக்கலாம். திறந்திருக்கும்போது மழை வந்தால் நேரே கட்டில்மேல் விழும்.

மின்சாரத்தில் இயங்குவதும், சொந்தச் சூரியத்தகடு பொருத்தியதும் இப்போது வருகின்றன. மழை உணரியில் நாலு துளி பட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். யோசனை நல்லதுதான். ஆனால் மழையும் காற்றும் கூடுகிற நேரத்தில்தான் நம் பக்கம் கரண்டும் போகும். ஆகவே பற்றரி இல்லாத, மின்சாரத்தை மட்டும் நம்பிய சாளரத்தை வாங்கவே வாங்காதீர்கள். சூரியத்தகட்டு வகைக்குச் சொந்தப் பற்றரி இருக்கும், அது பரவாயில்லை. எதுவானாலும் கையாலும் மூட வழி இருக்கிறதா, மோட்டர் பழுதானால் உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கண்ணாடி ஓடு, அலையோடு பொருந்தும் வெளிச்சச் சீற், வெளிச்சம் கடத்தும் குழாய் இவையெல்லாம் வெளிச்சத்துக்குத்தான், காற்றுக்கு இல்லை. காற்றில் சுழலும் உருண்டை விசிறி காற்றை எடுக்கும், வெளிச்சம் தராது. குளியலறை மாதிரிச் சின்ன இடத்துக்கு இரண்டையும் ஒவ்வொன்று சேர்த்துப் போட்டால் செலவும் குறைவு, வேலையும் முடிந்தது.

அளவும் கண்ணாடியும்

அமெரிக்காவில் சொல்லும் பொதுக்கணக்கு, கூரைச் சாளரத்தின் பரப்பு, ஜன்னல் நிறைய உள்ள அறைக்குத் தரைப்பரப்பில் 5 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஜன்னல் குறைந்த அறைக்கு 15 வீதம் வரை போகலாம் என்பது. இங்கே அந்த 15ஐ மறந்துவிடுங்கள். 12க்கு 10 அடி அறைக்கு 5 வீதம் என்றால் 6 சதுர அடி, அதாவது 3க்கு 2 அடி. வெளிச்சத்துக்கு அது தாராளம்.

கண்ணாடி போடுவதென்றால் உள்பக்கம் லெமினேற்றட் கண்ணாடிதான் இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்ரிக் தாள் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் தாளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். டெம்பர் பண்ணிய கண்ணாடி பலமானது, ஆனால் உடைந்தால் சிறு சிறு துண்டாக மொத்தமும் கீழே கொட்டும். 6.38 மில்லிமீற்றர் என்று கடையில் சொல்வது லெமினேற்றட் கண்ணாடியின் வழமையான தடிப்பு. சாம்பல் நிறமோ, வெப்பத்தைத் திருப்பும் பூச்சோ உள்ளதாக வாங்குங்கள். தேங்காய் விழும் தூரத்தில் தென்னை நின்றால் கண்ணாடியே வேண்டாம்.

பொலிகாபனேற் தேங்காய்க்கும் ஓரளவு ஈடுகொடுக்கும், விலையும் குறைவு. ஆனால் அதைப் பொருத்துவதில் தவறுகள் நிறைய நடக்கின்றன. ஒரு பக்கத்தில்தான் வெயிலைத் தாங்கும் பூச்சு இருக்கும், எது மேல்பக்கம் என்று ஒட்டிய தாளில் அச்சடித்திருப்பார்கள். தாளை முதலே உரித்துவிட்டுத் தலைகீழாகப் போட்டால் சீக்கிரமே மஞ்சளாகி வெடிக்கும். தகட்டுக்குள்ளே குழாய் மாதிரி வெற்றறைகள் உள்ள வகையென்றால் அந்த வெற்றறைகள் சரிவின் வழியே கீழ்நோக்கி ஓட வேண்டும், குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். வெயிலுக்கு நன்றாக விரியும் சாமான், 2 மீற்றர்த் தகடு 40 பாகைச் சூடு கூடினால் 5 மில்லிமீற்றர் நீளும். திருகாணி ஓட்டையைத் திருகாணியைவிடப் பெரிதாகத் துளைத்து, றப்பர் வளையத்தோடு இறுக்குங்கள். றப்பர் பிதுங்கும்வரை முறுக்க வேண்டாம், சாடையாக அமர்ந்தால் சரி.

பொருத்தும்போது மேலே ஏறிப் பாருங்கள்

சாளரம் முகட்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சூடான காற்று கூடுவதும் அங்கேதான், மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் குறைவதும் அங்கேதான்.

கூரைச் சாளரம் எப்போதுமே ஒழுகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெரும்பாலும் ஒழுகுவது அதன் மேல்விளிம்பில். சரிவில் ஓடிவரும் தண்ணீர் சட்டத்தின் முதுகில் முட்டி, அங்கே வேப்பிலையும் முருங்கைச் சருகும் சேர்ந்து அணை கட்டிவிடும். பிறகு தண்ணீர் சீற்றுக்கடியில் புகும். இதைத் தடுக்க, சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து முகடு வரைக்கும் ஒரே தகடாகப் போட்டு, அதை முகட்டு மூடிக்கு அடியில் செருகிவிட வேண்டும். பக்கத் தகடு சீற்றின் ஓர் அலையையாவது தாண்டி மடிய வேண்டும். கீழ்த்தகடு கீழ்ச்சீற்றின் மேலே உட்கார வேண்டும். மேலே உள்ளது எப்போதும் கீழே உள்ளதன்மேல் ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. வேலைக்கு வருகிறவர் ‘சிலிக்கன் அடிச்சா சரி’ என்று சொன்னால் அவரை நம்பாதீர்கள். வெயிலில் சிலிக்கன் விட்டுப்போகும், தகடு சரியாக மடிந்திருந்தால்தான் ஒழுக்கு நிற்கும்.

அஸ்பெஸ்டோஸ் சீற் என்றால் கிறைண்டர் வைத்து வெட்ட விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. முடிந்தவரை போல்ற்றைக் கழற்றி முழுச் சீற்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தகட்டுச் சீற்றோடு சாளரத்தைப் பொருத்துங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் நனைத்துவிட்டுக் கைவாளால், மூக்குக் கவசம் போட்டு. பழைய சீற் ஆள் பாரம் தாங்காது, கீழே மரம் ஓடும் இடத்தில் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். ஓட்டுக்கூரையில், இரண்டு கைமரத்துக்கு இடையில் அடங்கும் அகலத்தில் சாளரம் எடுத்தால் ஓடாவிக்குப் பாதி வேலை மிச்சம். கைமரத்தை அறுத்தால் மேலும் கீழும் குறுக்குச் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். கொங்கிறீற் தட்டில் பின்னர் துளைப்பது பொறியியலாளரைக் கேட்டுச் செய்யும் வேலை. கட்டும்போதே இடம் விட்டு, 6 அங்குல விளிம்பையும் தட்டோடு சேர்த்தே வார்த்துவிடுங்கள், நீர்த்தடுப்புப் பூச்சும் அந்த விளிம்பில் ஏறி மடியட்டும்.

கடையில் வாங்கும் சாளரம் பலவற்றுக்கு 15 பாகைச் சரிவாவது வேண்டும். சீற் கூரை அதைவிடத் தட்டையாக இருந்தால் சட்டத்தின் மேல்பக்கத்தை உயர்த்தி ஆப்பு மாதிரிச் செய்து சரிவைக் கூட்டலாம். கல்லடி, திருக்கோவில் என்று கடலோரமாக இருப்பவர்கள் திருகாணிக்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள், உப்புக்காற்றில் 304 ரகம்கூடப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். சீலிங் உள்ள வீட்டில் கூரையிலிருந்து சீலிங் வரை நாலு பக்கமும் அடைத்த கூடு வேண்டும், இல்லாவிட்டால் அறைக் காற்றுக்குப் பதிலாகச் சீலிங்குக்கு மேலுள்ள காற்றுத்தான் வெளியேறும். அப்புறம் உள்பக்கம் இரும்புக்கம்பி, கள்ளனுக்காக.

வேலை முடிந்ததும் சம்பளம் கொடுக்கும் முன் குழாய் பிடித்துத் தண்ணீர் அடியுங்கள். கீழ்விளிம்பில் தொடங்கி, பிறகு பக்கங்கள், கடைசியாக மேல்விளிம்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், உள்ளே ஓர் ஆள் டோர்ச்சோடு நிற்க வேண்டும். ஒரேயடியாக மேலிருந்து அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

வருடா வருடம் செப்டெம்பர் கடைசியில், மழை பிடிக்கும் முன், மேலே ஏறிச் சருகை அள்ளுங்கள். பீலியிலும் சட்டத்தின் முதுகிலும் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். வலையைப் பிரஷால் தட்டித் தூசெடுத்தால் காற்று மறுபடி ஓடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் திறக்கும் சாளரத்தை எல்லாம் பூட்டிக் கொக்கி போட்டுவிட வேண்டும். பலத்த காற்று வீட்டுக்குள் புகுந்தால் உள்ளிருந்து கூரையைத் தூக்கும், வெளிக்காற்று மேலிருந்து இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் சீற் நிற்காது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் இங்கே கூரைகள் பறந்ததைப் பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். நிலையான பெட்டி வைத்தவர்கள் உள்பக்கம் செருகுவதற்கு அளவான பலகை ஒன்றை, ஓடாவி வேலையில் நிற்கும்போதே வெட்டி, நாலு தாழ்ப்பாளும் அடித்து வாங்கிவிடுங்கள். எந்தப் பக்கம் மேலே என்று பெயின்றால் எழுதி, ஏணி வைக்கும் இடத்திலேயே பலகையையும் வையுங்கள். கரண்ட் இல்லாத இரவில் தேட வேண்டி வராது.